காட்டில் காலி இடம் எவ்வளவு?

மரங்கள் அடர்ந்த பூங்காவின் ஓரத்தில் நின்று உள்ளே பார்ப்பவருக்கு எதிரே ஒரு சுவர்தான் தெரியும். அடிமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று மறுபக்கத்தை முழுதாக மறைத்துவிடும். ஆனால் உள்ளே நடக்கத் தொடங்கியதும் அந்தச் சுவர் காணாமல் போகும். இரண்டு மரங்களுக்கு நடுவே இரண்டு பேர் கைகோத்து நடக்கலாம், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடலாம், சைக்கிள்கூட ஓட்டலாம். எந்த மரமும் தோளில் இடிக்காது. இவ்வளவு காலி இடம் இருக்கும் காடு, வெளியிலிருந்து பார்க்கும்போது மட்டும் ஏன் அடைத்துக்கொண்டு நிற்கிறது?

இந்தக் கேள்வியைக் கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டோடு சந்திப்பவர்கள் டிஸ்க் கால்ஃப் ஆடுகிறவர்கள். ஆட்டம் எளிது. கால்ஃபில் பந்தைக் குழிக்குள் தள்ளுவார்கள். இதில் தட்டை எறிந்து, கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். தட்டு விழுந்த இடத்திலிருந்தே அடுத்த எறி. பொதுவாக 18 கூடைகள். எல்லாவற்றையும் குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். திறந்த புல்வெளியிலும் ஆடலாம் என்றாலும், இந்த ஆட்டத்தின் உண்மையான சுவை மரங்களுக்கு நடுவே ஆடும்போதுதான் கிடைக்கும். அங்கே எறியும் முன் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் ஒன்று உண்டு: "மரம் என்பது 90 சதவீதம் காற்றுதான்." சொல்லி முடித்த மறுகணம் 'டொக்' என்று சத்தம் கேட்கும்.

அந்தச் சதவீதத்தில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று தோன்றும். பிழை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் யாரும் எதிர்பார்க்கிற திசையில் அல்ல. மரங்கள் அந்தப் பழமொழி சொல்வதைவிடவும் குறைந்த இடத்தையே பிடிக்கின்றன.

ஓக் மரங்களுக்கு நடுவே முதல் களம்

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் அரோயோ செக்கோ என்றொரு ஓடை இறங்குகிறது. அதன் கரையில் ஓக் குரோவ் பூங்கா. இப்போது ஹஹமோங்னா நீர்ப்பிடிப்புப் பூங்காவின் ஒரு பகுதி. உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கால்ஃப் களம் 1975-ல் இங்கேதான் அமைந்தது. பக்கத்திலேயே நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து வாயேஜர் விண்கலங்களை வியாழனுக்கும் சனிக்கும் அனுப்பிய அதே ஆய்வகம்.

களத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ தட்டை விற்ற வாம்-ஓ பொம்மை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஃபிரெட் மாரிசன் உருவாக்கிய பறக்கும் தட்டை அந்த நிறுவனம் 1957-ல் வாங்கியிருந்தது. கடற்கரையில் தள்ளாடிப் பறந்த அந்த விளையாட்டுப் பொருளை நிலையாகப் பறக்கும் தட்டாக மாற்றியவர் ஹெட்ரிக். தட்டின் மேற்புறத்தில் வட்டவட்டமாக மெல்லிய வரம்புகளை அமைத்தார். காற்று அந்த வரம்புகளின் மேல் வழியும்போது தட்டின் ஆட்டம் அடங்கியது. 1967-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஓக் குரோவில் முதலில் இலக்காக இருந்தவை வெறும் கம்பங்கள். அதில் ஒரு தொல்லை: தட்டு கம்பத்தைத் தொட்டதா, உரசாமல் போனதா என்று ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் வரும். ஹெட்ரிக் தன் மகனோடு சேர்ந்து கம்பத்தின் மேலிருந்து சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கூடையை வைத்தார். வேகமாக வரும் தட்டு சங்கிலிகளில் மோதி வேகத்தை இழந்து கூடைக்குள் விழும். வாக்குவாதம் அதோடு தீர்ந்தது. 1977-ல் காப்புரிமை பெற்ற அந்தக் கூடையின் வடிவம்தான் சிறு மாற்றங்களோடு இன்று உலகம் முழுவதும் நிற்கிறது. களங்களின் எண்ணிக்கை இப்போது 15,000-ஐத் தாண்டிவிட்டது. ஃபின்லாந்தில் மட்டும், பைன், பிர்ச் மரக்காடுகளுக்கு நடுவே, நூற்றுக்கணக்கான களங்கள் உள்ளன.

ஹெட்ரிக் 2002-ல் காலமானார். அவருடைய விருப்பப்படி அவரது அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள்.

ஓக் குரோவின் மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் கடற்கரை ஓக் வகை. தாழ்ந்து படரும் கிளைகள், முள்விளிம்பு கொண்ட சிறு இலைகள். இந்த மரங்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கணக்குக்கு வசதியாக ஒரு கற்பனைக் காட்டை எடுத்துக்கொள்வோம்.

ஒரு ஹெக்டேர், 500 மரங்கள்

நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம் கொண்ட ஒரு சதுரக் காடு. அதாவது ஒரு ஹெக்டேர், 10,000 சதுர மீட்டர். அதில் எந்த வரிசையும் இல்லாமல் 500 மரங்கள். ஒவ்வொன்றின் அடிமரமும் 25 சென்டிமீட்டர் குறுக்களவு. கிளை, இலை, புதர் எதுவும் வேண்டாம், தூண்கள் மட்டும்.

முதல் கேள்வி: மரங்கள் பிடித்திருக்கும் இடம் எவ்வளவு? ஒரு மரத்தை மார்பு உயரத்தில் அறுத்தால் தெரியும் வட்டத்தின் பரப்பு 0.05 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 500 மரங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 25 சதுர மீட்டர். பத்தாயிரத்தில் இருபத்தைந்து என்றால் கால் சதவீதம். பழமொழி 90 சதவீதம் காற்று என்கிறது. உண்மையில் இந்தக் காட்டில் 99.75 சதவீதம் காற்று.

இரண்டாவது கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு நேராக ஒரு தட்டை எறிந்தால், மோதாமல் எவ்வளவு தூரம் போகும்?

போட்டித் தட்டுகளின் குறுக்களவு 21 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. அந்த அளவையே எடுத்துக்கொள்வோம். தட்டின் நடுப்புள்ளி ஒரு கோட்டில் போகிறது. மரத்தின் நடுப்புள்ளி அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி இருந்தால் தட்டு தப்பும்? மரத்தின் பாதி அகலம் 12.5 சென்டிமீட்டர், தட்டின் பாதி அகலம் 10.5 சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து 23. இடப்பக்கம் 23, வலப்பக்கம் 23. ஆகவே தட்டு பறக்கும் வழிநெடுக 46 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை உண்டு. எந்த மரத்தின் நடுப்புள்ளியாவது அந்தப் பட்டைக்குள் வந்தால் மோதல் உறுதி.

பத்தாயிரம் சதுர மீட்டரில் 500 மரம் என்றால், சராசரியாக 20 சதுர மீட்டருக்கு ஒரு மரம். நம் பட்டை 20 சதுர மீட்டர் பரப்பை எட்ட எவ்வளவு நீளம் வேண்டும்? ஏறக்குறைய 43 மீட்டர். ஆக, இந்தக் காட்டில் கண்மூடி எறிந்த தட்டு சராசரியாக 43 மீட்டர் பறந்தபின் ஒரு மரத்தில் மோதும். இந்தத் தூரத்தைத் 'தடையில்லாச் சராசரித் தூரம்' என்று அழைக்கலாம்.

சராசரி என்றதும் எல்லாத் தட்டுகளும் 43 மீட்டர் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. நூறு தட்டுகளை எறிந்தால் முதல் பத்து மீட்டரைத் தாண்டுபவை ஏறக்குறைய 79. அந்த 79-லும் அடுத்த பத்து மீட்டரில் அதே விகிதத்தில் விழும், 63 மிஞ்சும். முப்பதாவது மீட்டரில் 50. ஐம்பதாவது மீட்டரில் 32. நூறாவது மீட்டரைக் கடப்பவை வெறும் பத்து.

மரம் பிடித்த இடம் கால் சதவீதம். நூறு மீட்டர் எறிந்தால் மோதும் வாய்ப்பு 90 சதவீதம். இரண்டும் ஒரே காட்டைப் பற்றிய உண்மைகள்.

ஒவ்வொரு 30 மீட்டருக்கும் தட்டுகள் பாதியாகக் குறைவதையும் இதில் பார்க்கலாம். இதை அந்தக் காட்டின் 'பாதித் தூரம்' எனலாம். 30 மீட்டரில் பாதி, 60-ல் கால், 90-ல் அரைக்கால். கதிரியக்கப் பொருள் சிதைவதும் இதே போக்கில்தான். ஒவ்வொரு அணுவும் எப்போது சிதையும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் குறிப்பிட்ட காலத்தில் பாதி சிதைந்துவிடும் என்பது உறுதி.

2016-ல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் தூரம் தட்டை எறிந்து உலக சாதனை படைத்தார். இடம் நெவாடா மாநிலத்தின் பிரிம் பாலைவனம். சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. அதே தூரத்தை நம் 500 மரக்காட்டில் கண்மூடி எறிந்து கடக்க வேண்டுமானால் ஏறக்குறைய 2,400 முறைக்கு ஒருமுறைதான் வாய்க்கும்.

குச்சிக் காடும் கிழக் காடும்

கால் சதவீதம் எப்படி இவ்வளவு தடுக்கிறது? விடை எளிது. மரம் பிடிக்கும் இடம் அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. மரம் வழியை மறிப்பதோ குறுக்களவை மட்டுமே பொறுத்தது. மரம் மெலிந்தால் பிடிக்கும் இடம் மளமளவென்று குறையும். மறிக்கும் அகலம் அவ்வளவு வேகமாகக் குறையாது.

இதைச் சோதிக்க ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். 25 சென்டிமீட்டர் மரம் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, அதற்குப் பதில் 5 சென்டிமீட்டர் கன்றுகள் 25 நடுவோம். அறுத்துப் பார்த்தால் மரத்தின் மொத்தப் பரப்பு முன்பிருந்த அதே கால் சதவீதம்தான், துளியும் கூடவில்லை. ஆனால் இப்போது காட்டில் 12,500 தண்டுகள். தட்டு அகலத்தையும் சேர்த்தால் பட்டை 26 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் தடையில்லாச் சராசரித் தூரம் 43 மீட்டரிலிருந்து சுமார் 3 மீட்டராகச் சரிகிறது.

காட்டுக் களங்களை வடிவமைப்பவர்கள் இதைக் கணக்குப் போடாமலே அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் அகற்றுவது அடர்ந்த புதரையும் குச்சி மரங்களையும். முதிர்ந்த பெருமரங்களை அப்படியே விட்டுவிடுவார்கள். பெருமரம் பார்வைக்கு மிரட்டுகிறது, தட்டை மறிப்பதோ மெலிந்தவை. வெட்ட வேண்டியதைக் குறைத்து ஆட்டத்துக்கு அதிக இடம் பெறும் வழி இது. ஆனால் அடிப்புதரை முழுதாக வழித்தெடுப்பது பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் இழப்பு. நல்ல வடிவமைப்பாளர் எறிபாதையில் மட்டும் வழிவிட்டு, பாதைக்கு வெளியே காட்டைக் காடாகவே விடுவார்.

இந்தக் கணக்கில் ஓர் எச்சரிக்கை உண்டு: மரங்கள் ஒழுங்கற்று நிற்க வேண்டும். சவுக்குத் தோப்பில் இது செல்லாது. வரிசையாக நட்ட தோப்பின் ஓரமாகப் பேருந்தில் போகும்போது, ஒரு கணம் மரங்கள் அடைத்து நிற்கும். மறுகணம் ஒரு வரிசை திறந்து மறுகோடி வரை வெளிச்சம் தெரியும். ஹங்கேரியக் கணித அறிஞர் ஜார்ஜ் போயா 1918-லேயே இந்தத் தோப்புக் கணக்கை எடுத்து ஆராய்ந்தார்: சதுர வரிசையில் நட்ட தோப்பின் நடுவில் நிற்பவருக்கு வெளியே எதுவும் தெரியாமல் போக, மரங்கள் எவ்வளவு பருக்க வேண்டும்? இயற்கையான காட்டில் அப்படித் திறக்கும் சந்துகள் இல்லை. அதனால்தான் அது சுவராகத் தெரிகிறது.

பார்வைக் கோட்டுக்கு அகலம் கிடையாது. ஆகவே கண்ணுக்கான பட்டை மரத்தின் 25 சென்டிமீட்டர் மட்டுமே. நம் காட்டில் கண்ணின் தடையில்லாச் சராசரித் தூரம் 80 மீட்டர். காடு 240 மீட்டர் ஆழம் இருந்தால், நூறு பார்வைக் கோடுகளில் ஐந்துதான் மறுபக்கம் சேரும். மற்ற 95-ம் ஏதோ ஒரு மரத்தில் முட்டி நிற்கும். தொடக்கத்தில் பார்த்த சுவர் இதுதான்.

இதே கணக்கு, வேறு இடங்கள்

'தடையில்லாச் சராசரித் தூரம்' என்ற எண்ணம் பிறந்தது காட்டில் அல்ல. 1850-களில் வாயுக்களின் மூலக்கூறுகள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பாய்கின்றன என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் சொன்னார். நெதர்லாந்தின் வானிலை அறிஞர் பைஸ் பாலோட் அதை மறுத்தார். அவ்வளவு வேகம் இருந்தால் அறையின் ஒரு மூலையில் எழும் வாசனை மறு மூலைக்கு நொடியில் வந்துவிடாதா? ஏன் மெல்ல மெல்லப் பரவுகிறது?

நியாயமான கேள்வி. 1858-ல் கிளாசியஸ் பதில் தந்தார்: மூலக்கூறு வேகமாகத்தான் போகிறது, ஆனால் அடுத்த மூலக்கூறில் மோதித் திசைமாறி, மறுபடி மோதி, மறுபடி மாறி அலைகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் மூலக்கூறுகள் உண்மையில் பிடித்திருக்கும் இடம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் இரண்டு மோதல்களுக்கு இடையே ஒரு மூலக்கூறு போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்றும் பெரும்பாலும் காலி இடம்தான். ஆனால் அதில் மோதாமல் போக வழியில்லை.

அதற்கும் முன்பே ஒரு வானியலாளர் இதைத் தலைகீழாகக் கேட்டிருந்தார். 1823-ல் ஹைன்ரிஷ் ஓல்பர்ஸ் எழுதிய கட்டுரையின் கேள்வி: அண்டத்துக்கு எல்லையே இல்லாமல் எங்கும் விண்மீன்கள் இருந்தால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை கடைசியில் ஒரு விண்மீனில் முட்டத்தானே வேண்டும்? அப்படியானால் இரவு வானம் முழுதும் சூரியனைப் போல் ஒளிர வேண்டாமா? விண்மீன் காட்டில் சுவர் ஏன் தெரியவில்லை? இன்றைய விடை: அண்டத்துக்கு வயது 1,380 கோடி ஆண்டுகள்தான். எல்லாப் பார்வைக் கோடுகளும் ஒரு விண்மீனில் முட்டும் அளவுக்குத் தொலைவிலிருந்து ஒளி நம்மை வந்து சேர இன்னும் காலமே போதவில்லை. அண்டம் விரிவதால் வரும் ஒளியும் மங்குகிறது. இரவு இருட்டாக இருப்பது அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பதோடு பொருந்துகிறது.

கண் திறந்து எறிந்தால்

இதுவரை பார்த்தது குருட்டு எறி. ஆட்டக்காரருக்குக் கண் இருக்கிறது. அவர் மரங்களுக்கு நடுவே ஒரு சந்தைத் தேர்ந்தெடுத்து அதை நோக்கி எறிகிறார். இப்போது கேள்வி மாறுகிறது: கை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்?

இருபது மீட்டர் தள்ளி, இரண்டு மீட்டர் அகலமுள்ள சந்து. தாராளமான வாசல் போலத் தோன்றும். தட்டின் அகலம் போக மிஞ்சுவது 1.8 மீட்டர். எறியும் இடத்திலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய 5 பாகைக் கோணம். தட்டைப் பிடித்த கை ஒரு மீட்டர் ஆரமுள்ள வளைவில், விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொண்டால், அந்த 5 பாகையைக் கை கடக்கும் நேரம் ஒரு விநாடியின் இருநூறில் ஒரு பங்குதான். அதற்கு முன் விட்டால் ஒரு பக்க மரம். பின் விட்டால் மறுபக்க மரம்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் தட்டை மார்புக்கு நெருக்கமாக, நேர்கோட்டில் இழுப்பதன் காரணம் இதில் இருக்கிறது. கை வட்டமாக வீசாமல் சிறிது தூரமாவது நேராகச் சென்றால், அந்தத் தூரம் முழுதும் தட்டு ஒரே திசையை நோக்கியிருக்கும். விடும் கணத்தில் சிறு பிசகு நேர்ந்தாலும் சந்து தப்பாது. புதியவர் எறியும்போது கை அகல வட்டமடிக்கும். தட்டு எங்கெங்கோ போகும். வலிமையால் இதைச் சரிசெய்ய முடியாது. வேகத்தைக் கூட்டினால் கையில் இருக்கும் நேரம் இன்னும் குறையும்.

சந்தைத் தாண்டிவிட்டாலும் தட்டு நேராகப் போவதில்லை. இங்கேதான் பறத்தலின் இயற்பியல் நுழைகிறது.

பம்பரம் காட்டும் வழி

வலது கைக்காரர் மார்புக்குக் குறுக்கே இழுத்து எறியும் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும். விநாடிக்கு 15, 20 சுற்றுகள் சாதாரணம். சுழலாத தட்டை எறிந்தால் ஓலை போலப் புரண்டு விழும். சுழல்வதால்தான் அது தன் தளத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

சுழலும் பொருளுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஒரு திசையில் சாய்க்கப் பார்த்தால், அது வேறு திசையில் சாயும். சுற்றும் பம்பரத்தை ஈர்ப்பு கீழே இழுக்கிறது. பம்பரமோ விழாமல் பக்கவாட்டில் வட்டமடிக்கிறது. தட்டுக்கும் இதே விதி.

காற்று தட்டைத் தாங்கும் விசை சரியாக நடுவில் செயல்படுவதில்லை. எறிந்த வேகம் குறையாத முதல் கட்டத்தில் அந்தத் தாங்குவிசை நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழலாம். அப்போது தட்டின் முன்விளிம்பு கீழே சாயப் பார்க்கும். சுழற்சி அந்தச் சாய்வைப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். தட்டு வலப்பக்கம் சாய்ந்து வலது புறமாக நகரும். வேகம் குறைந்ததும் தட்டு கீழிறங்கத் தொடங்கும், காற்று அதன் அடிவயிற்றில் மோதும். தாங்குவிசை நடுவுக்கு முன்னால் நகரும். முன்விளிம்பு எழப் பார்க்கும். சுழற்சி அதை இடப்பக்கச் சாய்வாக்கும். தட்டு இடது புறம் வளைந்து இறங்கும். முதலில் மெல்ல வலம், கடைசியில் இடம்: நீட்டி இழுத்த ஒரு தலைகீழ் 'எஸ்' வடிவம். இடது கைக்காரருக்கு எல்லாம் கண்ணாடிப் பிம்பம் போல மாறிவரும்.

1983-ல் டேவ் டனிபேஸ் தட்டின் விளிம்பைச் சீவி, ஆப்பு போல மெலிதாக்கினார். காற்றைக் கிழித்து வேகமாகப் போகும் அந்தத் தட்டு ஆட்டத்தையே மாற்றியது. இன்று பல தட்டுகளின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும்: வேகம், மிதப்பு, முதல் கட்ட வளைவு, கடைசிக் கட்ட வளைவு. கூர்விளிம்புத் தட்டு வேகமாக, தூரமாகப் போகும். ஆனால் கடைசியில் பலமாக வளையும். விளிம்பு தடித்த மெதுவான தட்டு குறைந்த தூரமே போகும். ஆனால் நேராகப் போகும். காட்டுக்குள் பெரும்பாலும் வெல்வது இரண்டாவது வகை.

வளைவு எப்போதும் குறையல்ல. கூடைக்கு நேர்கோடு ஒன்றுதான். நம் காட்டில் கூடை 60 மீட்டர் தள்ளியிருந்தால் அந்த ஒரு கோடு திறந்திருக்க வாய்ப்பு கால் பங்கு. வளைந்த பாதைகளோ பல: கொஞ்சம் இடம், நிறைய இடம், வலப்புறமாகச் சுற்றிவருவது. ஒவ்வொன்றும் திறந்திருக்கும் வாய்ப்பு அதே கால் பங்குதான் என்றாலும், பலவற்றில் ஒன்றாவது திறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஆட்டக்காரர் பத்துப் பதினைந்து வகைத் தட்டுகளைப் பையில் சுமப்பது இதற்காகவே. சிலர் நேர்பாதையை விட்டு, இரண்டு குறும் எறிகளாகப் பிரிப்பார்கள். பாதித் தூரம் 30 மீட்டர் என்ற காட்டில் அது கோழைத்தனமல்ல, நல்ல கணக்கு.

மரத்தின் பக்கக் கணக்கு

இதுவரை மோதலைத் தட்டின் பக்கமிருந்தே பார்த்தோம். மரத்தின் பக்கத்தையும் பார்ப்பது நியாயம்.

போட்டித் தட்டின் எடை அதன் குறுக்களவில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமைத் தாண்டக்கூடாது. ஆகவே வேகமான தட்டுகள் 175 கிராம் அளவில் இருக்கும். அந்த எடை, விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், கடினமான மெல்லிய விளிம்போடு பட்டையில் மோதுகிறது. பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உயிர்ப்படலம் இருக்கிறது. புதிய மரத்தையும் புதிய பட்டையையும் உருவாக்கும் மெல்லிய அடுக்கு. ஒருமுறை மோதினால் ஒன்றுமில்லை. ஒரே உயரத்தில் ஆயிரக்கணக்கில் மோதினால் பட்டை உரியும்.

நம் உடலில் காயம் ஆறினால் புதுத் தோல் வரும். மரத்தில் அப்படி நடப்பதில்லை. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்து ஆராய்ந்து, 1970-களில் இதைத் தெளிவாக்கினார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. அதைச் சுற்றி வேதிச் சுவர்களை எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது. காயம் உள்ளே அப்படியே இருக்கும். அடைத்து முடிக்கும் முன் மீண்டும் மீண்டும் காயம் பட்டால் பூஞ்சை உள்ளே நுழையும்.

எந்த மரத்துக்கு அதிக அடி விழும்? மேலே போட்ட கணக்கே பதில் சொல்கிறது. நூறு குருட்டு எறிகளில் 21 முதல் பத்து மீட்டருக்குள்ளேயே மோதுகின்றன. பத்தாவது பத்து மீட்டரில் மோதுபவை மூன்றுக்கும் குறைவு. எறியும் மேடைக்கு அருகிலுள்ள மரங்களே பெரும் பங்கைச் சுமக்கின்றன. பல களங்களில் அந்த முதல் மரங்களின் முன் மரக்கம்பங்களை நட்டோ, வலையைச் சுற்றியோ காக்கிறார்கள். எல்லா மரங்களுக்கும் கவசம் வேண்டியதில்லை. முதல் இருபது மீட்டரைக் கவனித்தாலே கணிசமான சேதம் தடுக்கப்படும்.

வேருக்கு வேறு ஆபத்து. மரத்துக்கு நீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் அரை மீட்டருக்குள் படர்ந்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் கூடும் இடம் இரண்டு: எறியும் மேடை, கூடையைச் சுற்றிய வட்டம். நாள்தோறும் மிதிபடும் மண் இறுகும், காற்றும் நீரும் உள்ளே போகாது, வேர் திணறும். இதற்கு இரண்டு மருந்துகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று, மரச்சீவலைத் தடிமனாகப் பரப்புவது. மற்றது, ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு மூன்று இடங்களை ஒதுக்கி அவ்வப்போது மாற்றுவது. இறுகிய மண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். ஆட்டக்காரருக்கும் அதே காட்டில் புதுக் களம் கிடைக்கும். பூங்கா நிர்வாகங்கள் கூடையை ஒரே இடத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்துவதை விட வேண்டும். மலிவான இந்த ஒரு ஏற்பாடு பல முதிய மரங்களைக் காப்பாற்றும்.

வாசகரே அளந்து பார்க்க

இந்தக் கணக்கைச் சோதிக்கத் தட்டும் வேண்டாம், கூடையும் வேண்டாம். மரங்கள் ஒழுங்கின்றி வளர்ந்த எந்தப் பூங்காவிலும் நடுவே ஓர் இடத்தில் நின்று, ஏதாவது ஒரு திசையை, பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், கண்ணை மூடித் திரும்பி நின்று முடிவு செய்யுங்கள். கண் திறந்ததும் நேர் எதிரே பார்வை முட்டும் அடிமரம் வரை காலடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது திசைகளில் இதைச் செய்து சராசரி எடுத்தால், அந்தப் பூங்காவில் கண்ணுக்கான தடையில்லாச் சராசரித் தூரம் கிடைத்துவிடும். பிறகு சில மரங்களின் சுற்றளவை நாடாவால் அளந்து, மூன்றால் வகுத்தால் குறுக்களவு ஏறக்குறைய வரும். அந்தக் குறுக்களவோடு 21 சென்டிமீட்டரைக் கூட்டி, கூட்டிய தொகை குறுக்களவைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். கண்ணுக்கான தூரத்தை அந்த மடங்கால் வகுத்தால் வருவது, ஒரு தட்டு அங்கே மோதாமல் பறக்கும் சராசரித் தூரம்.